கோட்டைக்குள் ஒரு கிராமம்: தொல்லியல் எல்லைகளுக்கும் நகரத் திட்டத்துக்கும் நடுவே டெல்லி ஊரக மக்கள்

புதுடெல்லி: தெற்கு டெல்லியின் பாறைக் குன்றுகளின் மேல், கியாசுதீன் துக்ளக் 1321-ஆம் ஆண்டு தொடங்கி நான்கே ஆண்டுகளில் எழுப்பிய துக்ளகாபாத் கோட்டையைக் காண வருவோர், சிதைந்த மதில்களையும் படிக்கிணறுகளையும் பார்த்துவிட்டு, சாலைக்கு மறுபுறம் உள்ள சுல்தானின் கல்லறையோடு பயணத்தை முடித்துக்கொள்வது வழக்கம். அதே மதில் வளையத்துக்குள் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழும் ஒரு கிராமம் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. கோட்டையின் பெயரே ஊரின் பெயர்.

இந்த ஊர் நாடறியச் செய்தியானது 2023 ஏப்ரல் இறுதியில். டெல்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, இந்திய தொல்லியல் துறை கோட்டைப் பகுதியில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் பெரும் காவல் பாதுகாப்புடன் இடித்து அகற்றியது. வீடிழந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த புலம்பெயர் தொழிலாளர்கள். பதிவு செய்யப்படாத ஆவணங்களை நம்பிச் சிறு மனைகளை வாங்கியவர்கள். 1995-ஆம் ஆண்டு பாதுகாப்புக்காகத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கப்பட்ட 2,661 பிகா, அதாவது ஏறத்தாழ 550 ஏக்கர் நிலத்தில் அமைந்த ஆக்கிரமிப்புகள் அவை என்பது அரசுத் தரப்பின் நிலைப்பாடு. சட்டத்தின் பார்வையில் அதற்கு மறுப்புச் சொல்வது கடினம்.

ஆனால் ஆக்கிரமிப்பு என்ற ஒரு சொல்லோடு இந்தச் செய்தியை மூடிவிட முடியாது. ஒரு கிராமத்தில் சட்டப்படி வீடு கட்டவே வழியில்லாமல் போனது எப்படி என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதற்கான விடை கோட்டை மதிலில் இல்லை; டெல்லியின் நில வரைபடங்களில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அலுவலகங்கள் ஒன்றையொன்று பாராமல் இழுத்த கோடுகளில் இருக்கிறது.

சிவப்பு மையில் தொடங்கிய கதை

முதல் கோடு 1908-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆங்கிலேய அரசின் நிலவரித் திட்டத்தின்போது, ஒவ்வொரு கிராமத்திலும் மக்கள் குடியிருக்கும் பகுதியை வயல்களிலிருந்து பிரித்துக் காட்ட வரைபடத்தில் சிவப்பு மையால் ஓர் எல்லை வரையப்பட்டது. இன்றும் 'லால் டோரா' என்றே அது வழங்குகிறது. சிவப்பு நூல் என்று பொருள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் கிராம நத்தம் போன்றது. அந்த எல்லைக்குள் இருந்த நிலத்துக்கு நிலவரி இல்லை. வீடுவீடாகத் தனித்தனிப் புல எண்ணும் இல்லை. மொத்தக் குடியிருப்பும் ஒரே எண்ணின் கீழ் பதிவானது. 1963-ஆம் ஆண்டு வெளியான அறிவிக்கை, லால் டோராவுக்குள் வீடு கட்டக் கட்டட வரைபட ஒப்புதல் பெறத் தேவையில்லை என்று விலக்கும் அளித்தது. அன்றைய நிலையில் அது கிராமத்தாருக்குச் செய்யப்பட்ட சலுகை. பிற்காலத்தில் அதுவே பொறியாக மாறும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கோட்டை வரைந்தது டெல்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இந்த அமைப்பு, 1961-இல் தொடங்கிய பெரும் நிலக் கையகப்படுத்தல் கொள்கை வழியாகவும், 1962-இல் நடைமுறைக்கு வந்த முதல் முழுமைத் திட்டம் வழியாகவும் கிராமங்களைச் சூழ்ந்திருந்த வயல்களை நகரத்துக்காக எடுத்துக்கொண்டது. வயல் போனது, சிவப்பு எல்லைக்குள் வீடுகள் மட்டும் தங்கின. ஒரு கிராமம் நகர்ப்புறமாக அறிவிக்கப்பட்டால், அதன் பொது நிலங்களும் கிராம சபையின் கையை விட்டு மத்திய அரசுக்குச் சென்று, டிடிஏ பொறுப்பில் வந்துவிடும். மேய்ச்சல் புறம்போக்கும் குளக்கரையும் ஊர்ப் பொதுவாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. ஊர் இனி பக்கவாட்டில் விரிய முடியாது.

மூன்றாவது கோடு அளவு நாடாவைக் கொண்டு போடப்பட்டது. 1992 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கை, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள ஒவ்வொரு சின்னத்தின் எல்லையிலிருந்தும் 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதை நாடாளுமன்றச் சட்டமாகவே ஆக்கி, அனுமதிகளைப் பரிசீலிக்கத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தையும் அமைத்தது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாடு முழுவதும் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்களுக்கு இதே அளவுதான். தாஜ்மகாலுக்கும் 100 மீட்டர். வயல் நடுவே நிற்கும் பெயர் தெரியாத ஒருவரின் கல்லறைக்கும் 100 மீட்டர்.

இந்த வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரே புள்ளியாக நிற்கும் சிறு சின்னத்தைச் சுற்றி 300 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டாலே 28 எக்டேர், அதாவது 70 ஏக்கர் ஆகிறது. வட இந்தியக் கிராமம் ஒன்றின் குடியிருப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். துக்ளகாபாத்தில் மதிலின் சுற்றளவே சுமார் ஆறரைக் கிலோமீட்டர். அதன் வெளிப்புறத்தில் 100 மீட்டர்ப் பட்டை மட்டும் 65 எக்டேருக்குக் குறையாது.

ஆவணம் கேட்கும் சட்டம், ஆவணம் இல்லாத வீடு

தடை செய்யப்பட்ட பகுதியில் எதுவுமே செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடுகளைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். பொதுக் கழிப்பறை, வடிகால், குடிநீர், மின்சார வசதிகளுக்கான பணிகளைக் 'கட்டுமானம்' என்ற வரையறையிலிருந்தே சட்டம் விலக்கி வைத்துள்ளது. இவை நியாயமான விலக்குகள். ஆனால் இருக்கும் வீட்டை மேல் நோக்கியோ பக்கவாட்டிலோ நீட்டுவது புதிய கட்டுமானமாகவே கருதப்படும்.

இதன் பொருளை ஒரு சாதாரணக் குடும்பத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மகன்கள்; மூத்தவனுக்குத் திருமணம் நிச்சயமாகிறது. மாடியில் ஓர் அறை எழுப்பினால் அது தடை செய்யப்பட்ட கட்டுமானம். வீட்டுப் பெண்கள் நடந்து போய்ப் பயன்படுத்தும் கழிப்பறைக்குப் பதிலாகச் சுவரை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டினால், அதுவும் நீட்டிப்பே. தெருவில் பொதுக் கழிப்பறை கட்டலாம். வீட்டோடு சேர்த்துக் கட்ட முடியாது.

கூரையைப் பழுது பார்க்க மட்டும் அனுமதி கேட்டால்? விண்ணப்பத்தை உரிய அதிகாரி 15 நாள்களுக்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதங்களுக்குள் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். அதன் பின் ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவை அறிவிக்க வேண்டும். எல்லாம் குறித்த நேரத்தில் நடந்தாலும் மூன்றரை மாதம். ஜூலை மழையில் ஒழுகப்போகும் கூரைக்கு மார்ச் மாதமே மனுப் போட்டாக வேண்டும்.

உண்மையான சிக்கல் அதற்கும் முந்தையது. வீடு 1992-க்கு முன்பே இருந்தது என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பது? லால் டோராவுக்குள் தனித்தனிப் புல எண் இல்லை. 1963 அறிவிக்கையால் ஒப்புதல் பெற்ற வரைபடமும் இல்லை. 'உனக்கு ஆவணம் தேவையில்லை' என்று ஓர் அரசு ஆணை சொன்ன இடத்தில், 'ஆவணத்தைக் கொண்டு வா' என்கிறது மற்றொரு சட்டம். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் தவறானவை அல்ல. ஒரே தெருவில் அவை சந்திக்கும்போதுதான் குடிமகனுக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியாத வழிகளில் இரவோடு இரவாகச் சுவர் எழும்புவதும், அதைக் கண்டும் காணாமல் இருப்பதற்கு ஒரு விலை உருவாவதும், பின்னொரு நாள் இயந்திரம் வந்து நிற்பதும் இந்த வெற்றிடத்தில்தான். கட்டுப்பாடு கடுமையாக இருக்கும் இடத்தில் கட்டுமானம் குறைந்திருக்க வேண்டும். துக்ளகாபாத்தில் நடந்தது நேர்மாறு.

டெல்லியின் 2021 முழுமைத் திட்டம் பாரம்பரியத்தை மறந்துவிடவில்லை. ஷாஜகானாபாத், நிஜாமுதீன், மெஹ்ரௌலி முதலிய ஆறு பாரம்பரிய மண்டலங்களையும், மெஹ்ரௌலி, துக்ளகாபாத், சுல்தான் கரி என மூன்று தொல்லியல் பூங்காக்களையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆறு மண்டலங்களின் பட்டியலில் பேகம்பூரும் சிராக் டெல்லியும் உண்டு. இரண்டும் பழைய கிராமங்கள். அதாவது, கிராமமே பாரம்பரியம் என்று திட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அங்கு வாழும் குடும்பம் எத்தனை மாடி கட்டலாம், எந்தக் கல்லில் கட்டலாம், ஊர்ப் பொது இடம் யாருக்கு என்ற கேள்விகளுக்கு அந்த ஒப்புதலால் ஒரு பயனும் விளையவில்லை. அடுத்த திட்டமான 2041-க்கான வரைவு 2021 ஜூனில் வெளியாகி, 2023 பிப்ரவரியில் டிடிஏ ஒப்புதலுடன் மத்திய அரசுக்குச் சென்றது. அதற்குப் பின்னும் பழைய திட்டத்தின் நீட்சியிலேயே நகரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஊரை அகற்றுவதே பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு இந்நகரில் நீண்ட வரலாறு உண்டு. புது டெல்லி உருவான காலத்தில், 1913 வாக்கில், புராணா கிலாவின் மதில்களுக்குள் இருந்த இந்திரபத் கிராமம் வெளியேற்றப்பட்டது. பேகம்பூர் மசூதியின் வளைவுகளுக்குள் குடியிருந்த மக்களும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வாறே வெளியேற்றப்பட்டனர். மறுபுறம், 1231-இல் கட்டப்பட்ட சுல்தான் கரி கல்லறைக்கு இன்றும் வியாழக்கிழமைதோறும் சுற்றுவட்டார மக்கள், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, வழிபட வருகிறார்கள். வரைபடத்தில் பசுமை நிறம் பூசப்பட்ட 'பூங்கா'வில் இந்த வழக்கத்தைக் குறிக்க ஒரு குறியீடும் கிடையாது.

வட்டம் ஏன் வந்தது?

தொல்லியல் துறையின் தரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. 2013-ஆம் ஆண்டு இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்த அறிக்கை, பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் 92 காணவில்லை என்று கூறி அதிர்ச்சி அளித்தது. பின்னர் 42 கண்டறியப்பட்டன. எஞ்சிய 50-இல் 14 நகரமயத்துக்கு இரையாகின. 12 அணைகளின் நீரில் மூழ்கின. 24 எங்கே என்றே தெரியவில்லை. 2024-இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கையும் தொடங்கியது. டெல்லியின் பாராகம்பா கல்லறைத் தோட்டம் அவற்றுள் ஒன்று. நில விலை ஏறும் நகரில் ஒரு பழங்கல்லறை காணாமல் போகச் சில இரவுகள் போதும். எளிதாக அளக்கக்கூடிய, விவாதத்துக்கு இடம் தராத ஒரு தடை வேண்டும் என்று அதிகாரிகள் விரும்பியதில் வியப்பில்லை.

எனினும், அந்தத் தடை எல்லோருக்கும் ஒரே கடுமையுடன் இருந்ததா என்று கேட்டாக வேண்டும். 1992 அறிவிக்கைக்குப் பிறகும், 2006 முதல் ஒரு நிபுணர் குழுவின் பரிந்துரையின் பேரில் தடை செய்யப்பட்ட பகுதிகளுக்குள்ளேயே கட்டுமான அனுமதிகள் வழங்கப்பட்டன. அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2009 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அடுத்த சில மாதங்களில் அவசரச் சட்டமும், தொடர்ந்து 2010 திருத்தமும் வந்தன. அந்தத் திருத்தத்தின் முழுப் பெயரிலேயே 'செல்லத்தக்கதாக்கல்' என்ற சொல் உண்டு: ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளுக்கு அது காப்பளித்துவிட்டு, இனி ஒருவருக்கும் இல்லை என்று கதவை மூடியது. மீண்டும் 2018 ஜனவரியில், மத்திய அரசின் பொதுப் பணிகளுக்கு மட்டும் தடை செய்யப்பட்ட பகுதியில் இடமளிக்கும் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. ஆனால் நெடுஞ்சாலைக்கு விலக்குத் தேட முனைந்த அந்த வரைவில், மாடியில் ஓர் அறை கேட்கும் குடும்பத்துக்கு ஒரு வரியும் இல்லை.

2023 செப்டம்பரில் தொல்லியல் துறையின் செயல்பாடு குறித்து அறிக்கை அளித்த நாடாளுமன்ற நிலைக்குழு, சின்னத்தின் முக்கியத்துவம் எதுவாயினும் ஒரே அளவிலான தடை என்பது பொதுமக்களுக்கு இடையூறாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, பட்டியலைச் சீரமைத்து வகைப்படுத்தப் பரிந்துரைத்தது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் கேட்டு வந்த குறை அது.

அகற்றுவதா, அருகே வைப்பதா?

டெல்லியிலிருந்து வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டரில், ஹரியாணாவின் ஹிசார் மாவட்டத்தில் இருக்கும் ராக்கிகடியில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ஹரப்பா நாகரிகத்தின் மிகப்பெரிய நகரங்களில் ஒன்றின் எச்சங்கள் மண்மேடுகளாக அங்கே கிடக்கின்றன. அவற்றில் சில மேடுகளின் மேல் இன்றைய கிராமத்தின் வீடுகள் நிற்கின்றன. 2020-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நம் ஆதிச்சநல்லூருடன் சேர்த்து அறிவிக்கப்பட்ட ஐந்து தொல்லியல் தலங்களில் ராக்கிகடியும் ஒன்று. மேடுகளின் மேல் வாழும் 150-க்கும் மேற்பட்ட குடும்பங்களை, அவர்களுக்கெனக் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றும் முயற்சி நெடுங்காலம் இழுபட்டது. காரணம் பிடிவாதமன்று. எருமை கட்டவும், வறட்டி தட்டிக் காயவைக்கவும், தீவனம் அடுக்கவும் இடமில்லாத மாடி வீடு ஒரு விவசாயக் குடும்பத்துக்குப் பாதி வீடு. திட்டம் தீட்டியவர்கள் குடும்பங்களை எண்ணினார்கள், கால்நடைகளை எண்ணவில்லை.

ஹம்பியில் இதைவிடக் கடுமையான அனுபவம். துங்கபத்திரையின் குறுக்கே ஆனெகுந்தியை இணைக்கும் பாலப் பணியால் அத்தலம் 1999-இல் யுனெஸ்கோவின் 'ஆபத்தில் உள்ள' பட்டியலில் சேர்க்கப்பட்டது, 2006-இல்தான் விடுபட்டது. பாலத்தைப் பற்றி உலகம் விவாதித்த ஆண்டுகளில் கரையோர மக்கள் பரிசலில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தனர். 2011 ஜூலையில் விருபாட்சர் கோயில் முன்னுள்ள பழைய கடைத்தெரு மண்டபங்களில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. ஹம்பிக்கென 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தனி மேலாண்மை ஆணையமே இருந்தும் இவ்வாறு நேர்ந்தது. தனி அமைப்பு இருப்பது மட்டும் போதாது என்பதை அங்கே பார்த்தோம்.

பிரான்ஸ் நாட்டிலும் ஒரு காலத்தில் இப்படியொரு வட்டம் உண்டு. 1943-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வரலாற்றுச் சின்னத்தைச் சுற்றியும் 500 மீட்டர் எல்லை வகுத்தது. அளவில் இந்தியாவினுடையதை விடப் பெரிது. ஆனால் முழுத் தடை அல்ல. அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞர் ஒப்புதலுடன் கட்டலாம். வட்டம் சில இடங்களில் அளவுக்கு மீறியும் சில இடங்களில் போதாமலும் இருப்பது தெரியவந்தபின், 2000-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் சட்டம் திருத்தப்பட்டது. சின்னத்தின் காட்சிக்கும் தெருவின் அமைப்புக்கும் ஏற்ப, பொதுமக்கள் விசாரணை நடத்தி, உள்ளாட்சியின் கருத்தோடு எல்லையைப் புதிதாக வரையலாம் என்றாயிற்று. வட்டம் போய், இடத்தின் வடிவம் வந்தது.

அந்த வழி இந்தியச் சட்டத்துக்கு அந்நியமானதல்ல. 2010 திருத்தத்தின் 20இ பிரிவு, ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே பாரம்பரியத் துணை விதிகள் வகுக்கப்பட வேண்டும் என்கிறது. கட்டட உயரம், முகப்பு, வடிகால், சாலை, மின் கம்பம், கழிவுநீர்க் குழாய் என்று அவற்றில் இடம்பெற வேண்டியவற்றையும் பட்டியலிடுகிறது. 100 மீட்டர் முழுத் தடையை இவ்விதிகளால் தளர்த்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்குபடுத்தப்பட்ட 200 மீட்டரில் என்ன கட்டலாம் என்பதை ஊருக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட முடியும். ஒவ்வொரு மனுவும் தனித்தனியாக டெல்லிக்கு வந்து போகும் நிலை குறையும். சட்டம் வந்து 15 ஆண்டுகள் ஆன பின்னும் பெரும்பாலான சின்னங்களுக்கு இவ்விதிகள் இறுதி வடிவம் பெறவில்லை. இன்னொரு குறையும் உண்டு. விதிகளை வகுக்கும்போது கலந்தாலோசிக்க வேண்டிய அமைப்பாகச் சட்டம் பெயர் சொல்வது இன்டாக் அறக்கட்டளையை. மற்றபடி பாரம்பரிய நிபுணர் அமைப்புகளை. ஊராட்சி அதில் இல்லை. டெல்லியில் சேர்க்க நினைத்தாலும் முடியாது. 1990-க்குப் பிறகு தலைநகர் எல்லைக்குள் கிராமப் பஞ்சாயத்துகளே கிடையாது.

தமிழகத்தின் நிலை இவ்விடத்தில் வேறுபடுகிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் 400-க்கும் மேற்பட்டவை இங்கே உள்ளன. மாமல்லபுரத்தில் சின்னங்கள் நெருக்கமாக இருப்பதால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிகின்றன. கல் தச்சர்களின் பட்டறைகளும் கடற்கரைக் கோயிலுக்கு அருகே உள்ள மீனவர் குப்பமும் வீடு கட்டும் கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்கின்றன. தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பட்டு நெசவு நடக்கிறது. தறிக்கு ஒரு கொட்டகை நீட்டுவதும் இதே சட்டத்துக்கு உட்பட்டதே. நார்த்தாமலை, கொடும்பாளூர் போன்ற புதுக்கோட்டைக் கிராமங்களில் சின்னமும் ஊரும் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கின்றன.

அந்தக் கிராமங்களிடம் துக்ளகாபாத்திடம் இல்லாத ஒன்று உள்ளது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒரு சின்னத்துக்கான துணை விதிகளின் வரைவைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடும்போது, அதைப் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றி அனுப்ப அந்தச் சபைக்குத் தடையேதும் இல்லை. வரைவு எந்த மொழியில் வருகிறது, ஊர்ப் பலகையில் ஒட்டப்படுகிறதா, ஆணையத்தின் இணையதளத்தோடு நின்றுவிடுகிறதா என்பதைப் பொறுத்தே அது நடக்கும்.